ஆறாம் மாதமா, ஆறு மாதம் முடிந்தா? கக்குகிற பையனுக்கு முதல் சோறு எப்போது?

பாலாற்றங்கரை (மே 9)

வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். முதல் குழந்தை, பையன். டிசம்பர் 1 பிறந்தான். இன்றைக்கு 5 மாதம் 8 நாள். ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் டைப் அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் கக்குவான். எல்லாக் குழந்தையும் கக்கும்தானே என்பீர்கள். இவன் கணக்கு வேறு. குடித்து முடித்ததும் ஒரு வாய். தோளில் போட்டு முதுகைத் தட்டும்போது ஒரு வாய். சரி, முடிந்தது என்று படுக்க வைத்தால் அரை மணி நேரம் கழித்துத் தயிர் மாதிரி திரிந்து இன்னொரு வாய். நல்ல புடவை எதையும் நான் பீரோவில் இருந்து எடுப்பதே இல்லை. ஒரு நாளைக்கு 12, 13 துண்டு ஆகிறது. இந்த ஊர் வெயிலால் கிடைத்த ஒரே நன்மை, கொடியில் போட்டதும் காய்ந்துவிடுகிறது.

பிறந்த 3ஆவது வாரத்தில் ஆரம்பித்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, "எடை ஏறுது, கக்கிட்டு சிரிக்கிறான், விடுங்க" என்றார். விட்டோம். இரண்டாவது மாதம் மலத்தில் சளி வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் துணி மாற்றும்போது அந்தச் சளிக்குள் சிவப்பு நூல் மாதிரி ரத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். அவரை எழுப்பி அவரையும் பார்க்கச் சொன்னேன். கன்னம் இரண்டும் அதற்கு முன்பே சொரசொரவென்று சிவந்திருந்தன, வெயில் என்று நினைத்திருந்தோம். அடுத்துப் பார்த்த டாக்டர்தான் சொன்னார்: பசும்பாலில் இருக்கும் புரதம் இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் சாப்பிடுவது தாய்ப்பால் வழியாகப் போகிறது, நீங்கள் நிறுத்துங்கள்.

அன்றிலிருந்து எனக்குப் பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பால் சேர்த்த பிஸ்கட், ரொட்டி எதுவும் கிடையாது. 3 வாரத்தில் ரத்தம் நின்றது. சளி குறைந்தது. கக்கல் பாதியாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. டாக்டர் சொன்னபடி சோதித்துப் பார்க்க 2 நாள் பால் டீ குடித்தேன், எல்லாம் திரும்பி வந்தது. பிறகு இதே மாதிரி சோதித்ததில் முட்டையும் மாட்டியது.

சித்திரை ஒன்றாம் தேதி ஆற்காட்டில் இருந்து என் சித்தப்பா மக்கன் பேடா வாங்கி வந்தார். மூன்று மாதமாக நாக்கு செத்துக் கிடந்தவள் நான். எண்ணெயில் பொரித்துப் பாகில் போட்டதுதானே என்று இரண்டு தின்றுவிட்டேன். அது கோவாவில் செய்வது என்பது, சின்ன வயதில் இருந்து தின்கிற எனக்கு, அந்த நிமிஷம் நினைவுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் துணியில் சளி. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். இரண்டு பேடாவுக்காக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மே கடைசியில் மூன்று காரியம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

முதலாவது, சோறு ஊட்டுவது. அத்தை (என் மாமியார்) ஆண் பிள்ளைக்கு இரட்டைப்படை மாதத்தில்தான் ஊட்ட வேண்டும், ஆறாம் மாதம் நடக்கிறது, வைகாசி பிறந்ததும் முதல் வாரத்தில் ரத்தினகிரி முருகன் கோயிலில் வைத்து ஊட்டிவிடலாம் என்கிறார். டாக்டர் ஆறு மாதம் என்கிறார். நான் இரண்டும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் புரிந்தது. அத்தை சொல்வது ஆறாம் மாதம், அதாவது ஐந்து முடிந்து ஆறு நடக்கும்போது. டாக்டர் சொல்வது ஆறு முடிந்து, 180 நாள். இதற்கு நடுவில் கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடக்கிறது. ஊட்டப்போவது பால் பாயசம், வெள்ளிக் கிண்ணத்தில், மேலே நெய் விட்டு. நான் என்ன சொல்ல?

இரண்டாவது, கக்கல். எதிர் வீட்டு அக்காவில் இருந்து காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோரும், கெட்டியாக ஏதாவது உள்ளே போனால் தங்கிவிடும், கக்கல் நின்றுவிடும் என்கிறார்கள். பையனும் நாங்கள் சாப்பிடும்போது வாயையே பார்க்கிறான். இட்லியைப் பிட்டால் அவன் வாயும் அசைகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, இப்போது 6.4. அட்டையில் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கீழ்ப்பக்கமாக. முன்னாடியே ஆரம்பித்தால் நல்லதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மூன்றாவது என் கதை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு. பிரசவத்துக்கு முதல் நாள் வரை வேலைக்குப் போனேன், அதனால் 26 வார விடுப்பும் மே 31 வரை இருக்கிறது. ஜூன் 1 போயாக வேண்டும். 58 கிலோ இருந்த நான் இப்போது 51. பேசாமல் பாலை மறக்கடித்துவிட்டு, ஒவ்வாமைக் குழந்தைகளுக்கென்று வருகிற அந்த விசேஷப் பவுடருக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். விலையைக் கேட்டதும் அவர் ஒன்றும் பேசவில்லை, கால்குலேட்டரை மட்டும் எடுத்தார். 400 கிராம் டப்பா இவனுக்கு 3, 4 நாள்தான் வரும்.

இப்படி ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தீர்கள்? எதில் ஆரம்பித்தீர்கள்? பாலை நிறுத்தினீர்களா?

குடியாத்தம் கைத்தறி (மே 9, இரவு)

தங்கச்சி, அந்த இரண்டு பேடாவுக்காக அழுததைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நான் ஆம்பூர் பிரியாணிக்காக அழுதிருக்கிறேன். இறைச்சியைத் தயிரில் ஊற வைத்திருப்பார்கள் என்பதைத் தின்று முடித்த பிறகுதான் ஒருத்தர் சொன்னார்.

எனக்கு இரண்டாவது பெண், இதே கேஸ். இப்போது அவளுக்கு 4 வயது, தயிர்சாதம் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறாள். அதனால் முதலில் தைரியமாக இரு.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீ செய்யாதே. கெட்டியாகப் போனால் தங்கும் என்று எனக்கும் சொன்னார்கள். நாலரை மாதத்தில் பச்சரிசியை வறுத்துப் பொடித்து, கறந்து எடுத்த பாலில் கலந்து பாட்டிலில் ஊற்றினேன். நிப்பிளில் இறங்கவில்லை. கத்தரிக்கோலால் ஓட்டையைப் பெரிதாக வெட்டினேன். (இதை எழுதும்போதே என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.) மூன்றாவது வாயிலேயே புரையேறி முகம் நீலமாகிவிட்டது. கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினார் என் மாமனார், தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து. அதற்கப்புறம் 4 நாள் மலம் போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டதில் கக்கல் இரண்டு மடங்கு ஆனது. குறைக்கப் போய்க் கூட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஆறு மாதம் முடியும் வரை ஒன்றும் தரவில்லை. நாளை மட்டும் எண்ணாமல் அவளையும் பார்த்தேன். மடியில் சாய்த்து உட்கார வைத்தால் தலை ஆடாமல் நிற்கிறதா? வெறும் ஸ்பூனை, சும்மா தண்ணீரில் நனைத்து, கீழ் உதட்டில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுகிறாளா, வாயை மூடிக்கொள்கிறாளா? ஐந்தாவது மாதத்தில் ஒவ்வொரு தடவையும் தள்ளினாள். ஆறு முடிகிற சமயத்தில் ஒரு நாள் தள்ளவில்லை, ஸ்பூனைக் கவ்விக்கொண்டாள். அதுதான் எனக்கு முகூர்த்தம்.

உன் பையன் இட்லியைப் பார்த்து வாயை அசைக்கிறான் என்றாயே, அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. என் பெண் தறியில் நாடா ஓடுவதையும் அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டுதான் பார்ப்பாள். அதற்காக நாடாவை ஊட்டவா முடியும்?

எப்படிக் கொடுத்தேன் என்றால், ஒரு பொருளை 3 நாள். காலை 10 மணி வாக்கில் மட்டும், ஏதாவது ஆனால் பகலிலேயே தெரியட்டும் என்று. தினசரி காலண்டரில் அன்றன்று தாளைக் கிழிப்போம் இல்லையா, அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி, ஒரு கிளிப்பில் கோத்து சமையலறை ஆணியில் மாட்டிவைத்தேன். என்ன கொடுத்தேன், எத்தனை ஸ்பூன், எத்தனை தரம் கக்கினாள், மலம் எப்படி. அவ்வளவுதான்.

அந்தத் தாள்கள் என்னைக் காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. அரிசிக் குழைசாதம் 3 நாள், பரங்கிக்காய் 3 நாள், கேரட் 3 நாள், எல்லாம் ஒத்துக்கொண்டன. பாசிப்பருப்பு ஆரம்பித்த இரண்டாம் நாள் சளி வந்தது. சரி, பருப்பு ஆகாது என்று ஒதுக்கிவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் தாள்களைப் புரட்டும்போது, அந்த இரண்டாம் நாள் தாளில் "ஆயா ஊட்டினாங்க" என்று எழுதியிருந்தது. ஆயாவைக் கேட்டேன். "பச்சைப் புள்ளைக்குப் பருப்பு வெறுமனே தருவாங்களா? ஒரு சொட்டு நெய் விட்டேன், வாசத்துக்கு" என்றார். ஒரே ஒரு சொட்டு! பாவம் பருப்பு, ஒரு மாதம் பழியைச் சுமந்தது. அடுத்த தரம் நெய் இல்லாமல் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

பாலை நிறுத்தாதே என்பதுதான் என் எண்ணம். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வாலாஜா பெரியவர் (மே 10)

எங்கள் வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மூன்றாம் மாதமே பசும்பாலும் செவ்வாழையும் கொடுத்தார்கள். யாருக்கும் ரிஃப்ளக்ஸ் என்கிற இந்தக் கக்கலும் இல்லை, ஒவ்வாமையும் இல்லை. வசம்பை விளக்கில் சுட்டு, உரைத்து நாக்கில் தடவினால் மாந்தம் எல்லாம் ஓடிவிடும். ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள். அல்லது தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோங்கள். எல்லாவற்றுக்கும் டாக்டர், டாக்டர் என்றால் எப்படி?

நர்சம்மா, ராணிப்பேட்டை (மே 10)

பெரியவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு எவளாவது ஆட்டுப்பால் வாங்கப் போய்விடக் கூடாது. ஐயா, ஆட்டுப்பாலில், எருமைப்பாலில் இருக்கும் புரதமும் பசும்பாலின் புரதமும் அக்காள் தங்கை மாதிரி. ஒன்று ஆகாத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது. ஒவ்வாமையே இல்லாத குழந்தைக்கும் ஒரு வயது வரை மாட்டுப்பாலைக் குடிக்கத் தருவது கிடையாது. தேன் கூடவே கூடாது. தொக்கம் எடுக்கிறேன் என்று வாய் வைத்து ஊதி உறிஞ்சுவதில் என்னென்ன கிருமி குழந்தைக்குப் போகும் என்பதை வார்டில் இருந்து பார்த்தவள் நான், அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை. உங்கள் வீட்டில் ஒன்பது பேர் நன்றாக இருந்தது சந்தோஷம். அந்தக் காலத்தில் தெருவுக்கு எத்தனை குழந்தைகள் காரணம் தெரியாமல் போயின என்பதும் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

இனி உனக்கு, மகளே. 31 வருஷம் குழந்தைகள் வார்டில் இருந்தேன். உன் பதிவில் இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாய். பிரித்து வை.

கக்கல் ஒன்று. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு அது இறுகப் பூட்டாது. படுத்தே இருக்கிற பிள்ளை, குடிப்பதெல்லாம் பால். வெளியே வரத்தான் செய்யும். நாலு மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும், உட்கார்ந்து நிமிர்ந்து நடக்க ஆரம்பிக்கும்போது குறையும், பெரும்பாலும் ஒரு வயதில் இருந்து ஒன்றரை வயதுக்குள் நின்றுவிடும். சோறு ஊட்டுவதால் அந்த வளையம் சீக்கிரம் முதிர்ந்துவிடாது. கெட்டியான சாப்பாடு சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தங்கும், உண்மைதான். ஆனால் அதற்காகத் தேதியை முன்னால் இழுப்பது குடியாத்தத்து அம்மா செய்தது மாதிரி முடியும். நாலு மாதத்துக்கு முன்னால் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம் என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் சில நாடுகளில் சில டாக்டர்கள் குழந்தையைப் பார்த்து அனுமதிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் நம் ஊரில் சொல்வதும் 6 மாதம் முடிந்து. உன் பையனைப் பார்க்கிற டாக்டரும் அதையே சொல்லிவிட்டார், எடையும் ஏறுகிறது. இன்னும் மூன்று வாரம்தான், என்ன அவசரம்?

புரத ஒவ்வாமை இன்னொன்று. இது வயிற்றின் கோபம். லாக்டோஸ் இல்லாத பவுடர் என்று யாராவது கையில் கொடுப்பார்கள், வாங்காதே. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை, உன் பையனின் சண்டை புரதத்தோடு. அந்த டப்பாவில் சர்க்கரையைத்தான் எடுத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். இந்த ஒவ்வாமையும் பெரும்பாலும் 3 வயதுக்குள் போய்விடுகிறது. திரும்பப் பாலை எப்போது, எந்த வடிவில் கொடுத்துப் பார்ப்பது என்பதை டாக்டர் சொல்வார். வீட்டில் நீயாகச் செய்யாதே.

ஆனால் ஒன்று. ஒவ்வாமைக் குழந்தை என்று பயந்துகொண்டு ஏழு, எட்டு என்று தள்ளிப் போடுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவும் தப்பு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீர ஆரம்பித்துவிடும். தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான். ஆறு முடிந்ததும் கிராம சுகாதார நர்ஸ் தரும் இரும்புச்சத்து சிரப்பைக் கேட்டு வாங்கு, வாரத்துக்கு 2 தரம் 1 மில்லி. சோற்றோடு பருப்பு, கேழ்வரகு, நீங்கள் கறி சாப்பிடுகிறவர்கள் என்றால் கொஞ்ச நாளில் மசித்த ஈரல் என்று சீக்கிரமே போ. முட்டை, கோதுமை, வேர்க்கடலை இவற்றை ஒரு வயது வரை தள்ளிப்போடச் சொன்னது பழைய பாடம். 2015இல் இங்கிலாந்தில் இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது, சீக்கிரம் வேர்க்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைந்தது. அதனால் நம் பக்கத்து மல்லாட்டையை நன்றாக அரைத்துக் கஞ்சியில் கலந்து தரலாம். முழுக்கொட்டை கூடாது, புரையேறும். உன் பையனுக்குக் கன்னத்தில் சொறி இருப்பதாலும் முட்டை ஏற்கனவே சந்தேகத்தில் இருப்பதாலும், முட்டை, மல்லாட்டை இரண்டுக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடு.

அங்கன்வாடி சத்துமாவு நல்லதுதான், ஆனால் உனக்கு முதல் மாதத்தில் வேண்டாம். கோதுமை, கடலை என்று நாலைந்து கலந்து வரும், ஏதாவது ஆனால் யார் குற்றவாளி என்று தெரியாது. எதைக் கொடுத்தாலும் ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் கொடு. தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து போகாது, கக்குவதற்கும் தோது. முதல் நாள் 2 ஸ்பூன் போதும். உட்கார வைத்து ஊட்டு, அப்புறம் அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திரு. ஏணையில் உடனே போடாதே. தூங்கும்போது மல்லாக்கத்தான்.

பாலை மறக்கடிக்காதே. உன் பால் அவனுக்கு ஆகாமல் இல்லை, அதில் வரும் மாட்டுப்பால்தான் ஆகவில்லை, அதை நீ நிறுத்தியும்விட்டாய். மார்பில் கசப்புக்குக் கரியபோளம் தடவிப் பாலை மறக்கடிக்கிற யோசனை எல்லாம் வேண்டாம். நீ 7 கிலோ இளைத்ததுதான் எனக்குக் கவலை. பால் இல்லாதபோது உனக்குக் கால்சியம் வேண்டும், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வாக்கில். மாத்திரை எழுதித் தந்திருக்கிறாரா? இல்லையென்றால் கேள். கேழ்வரகுக் களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, சாப்பிடுவாய் என்றால் நெத்திலிக் கருவாடு. மோருக்குப் பதில் தேங்காய்ப்பால் தாளித்து ஊற்றிச் சாப்பிடு, அது ஒன்றும் மோசமாக இருக்காது. இத்தனைக்கும் மேலே உன்னால் முடியவில்லை என்றால், அந்த விசேஷப் பவுடருக்குப் போவது பாவமில்லை. அது உன் முடிவு, யாரும் உன்னைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாக, எப்போது ஓட வேண்டும் என்பது. பச்சை நிற வாந்தி, பீய்ச்சி அடிக்கிற வாந்தி, ரத்தம், வயிறு கல்லாக இருப்பது, 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது. 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது, நீர் வற்றினால் பிள்ளை சீக்கிரம் துவண்டுவிடும். இன்னொன்று எல்லோருக்கும் தெரியாது. புதிதாக ஒன்றை ஊட்டி 1 முதல் 4 மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, துணி மாதிரி தொங்கினால் அது வழக்கமான கக்கல் இல்லை. அரிசிக்குக்கூடச் சில குழந்தைகளுக்கு அப்படி வரும். என்ன ஊட்டினோம் என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழை.

சத்துவாச்சாரி அப்பா (மே 10, இரவு)

மருத்துவம் எனக்குத் தெரியாது, மாமியார் விஷயம் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் வேலை, தேதிக் கணக்கும் தெரியும்.

டிசம்பர் 1 பிறந்த பையனுக்கு 180 நாள் முடிவது மே 30. ஆறாம் மாதம் நடந்து முடிவது மே 31. அதாவது மே 31 அன்று உங்கள் டாக்டர் கணக்குப்படி 180 நாள் தாண்டியாயிற்று, உங்கள் அத்தை கணக்குப்படி இன்னும் ஆறாம் மாதம்தான், வைகாசியும்தான். ஒரே நாளில் இரண்டு பேரும் ஜெயிக்கிறார்கள். காலண்டரில் நல்ல நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயசத்துக்கு நாங்கள் செய்த வழி: ஊட்டுகிற கிண்ணத்தில் வெறும் குழைந்த சாதம். பாயசம் பெரியவர்களுக்குத் தனியாக, தேங்காய்ப்பாலில். வரிசையில் நின்று ஆளாளுக்கு ஊட்டுவார்களே, அதை மட்டும் தடுங்கள். ஒருத்தர் கையில் கோவா ஒட்டியிருந்தால் போதும். எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருவர் மட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டோம்.

வேலைக்குப் போவது பற்றி: குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினமும் 2 இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள்.

பாலாற்றங்கரை (மே 11)

எல்லோருக்கும் நன்றி. நர்சம்மா, கால்சியம் மாத்திரை எழுதித்தான் கொடுத்திருந்தார், நான்தான் பாதி நாள் மறந்துவிட்டேன். இன்றிலிருந்து அத்தையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டேன், அவர் மறக்க மாட்டார்.

குடியாத்தம் அக்கா, நேற்று ஸ்பூன் வைத்துப் பார்த்தேன். தள்ளினான். மூன்று தரமும் தள்ளினான். தாடை எல்லாம் தண்ணீர். எதிர் வீட்டு அக்கா "அதெல்லாம் பழகிடும், உள்ளே தள்ளு" என்றார். நான் தள்ளவில்லை.

மே 31 விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் அத்தையிடம் சொன்னார். அத்தை காலண்டரை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

பாலாற்றங்கரை (ஜூன் 20)

யாராவது இதே தேதிக் குழப்பத்தோடு வந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

அத்தை ஒப்புக்கொண்டார். முதலில் குறித்த நாளில் ரத்தினகிரிக்கு அர்ச்சனை மட்டும் செய்துவிட்டு வந்தோம், சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதாம். மே 31 காலையில் வீட்டிலேயே ஊட்டினோம். பொன்னிப் பச்சரிசியை நாலு பங்குக்கு மேல் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, மசித்து, என் பாலிலேயே கொஞ்சம் பிசைந்தேன். வெள்ளிக் கிண்ணம், வெள்ளி ஸ்பூன், நெய் இல்லை. ஸ்பூன் பரீட்சையில் அதற்கு 4 நாள் முன்னால்தான் தேறியிருந்தான். மாமா ஒரு வாய், அத்தை ஒரு வாய். முதல் வாயை அவன் நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தான். விழுங்கினான். இரண்டாவதை அத்தையின் மேலேயே துப்பினான். அத்தைக்கு அதுவும் சந்தோஷம்.

கக்கல் நிற்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். துண்டு 12இல் இருந்து 7, 8க்கு வந்திருக்கிறது. சோற்றாலா, அவன் உட்கார ஆரம்பித்ததாலா, தெரியவில்லை. அரிசி, பரங்கிக்காய், கேரட், உருளைக்கிழங்கு, பாசிப்பருப்பு வரை ஒன்றும் ஆகவில்லை. வாழைப்பழத்துக்கு மட்டும் மலம் இறுகியது, நிறுத்தி வைத்திருக்கிறேன். ரத்தம் இல்லை, சளி இல்லை. 6.9 கிலோ. சிரப் கொடுக்கிறோம், துப்புகிறான், கொடுக்கிறோம்.

பாலை நிறுத்தவில்லை. ஜூன் 1 வேலையில் சேர்ந்தேன். கடிதமாக எழுதிக் கொடுத்தேன், காப்பகம் இல்லை, ஆனால் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு அறையின் சாவியை எனக்கு என்று கொடுத்திருக்கிறார்கள். அங்கே கறந்து, சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் வைத்த டப்பாவில் பஸ்ஸில் கொண்டுவருகிறேன். ஆற்காடு தாண்டும் வரை உட்கார இடம் கிடைக்காது, டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் 1 கிலோ ஏறியிருக்கிறது. எள்ளுருண்டையின் வேலை.

தாள் எழுதும் வேலை இப்போது அத்தையுடையது, பகலில் ஊட்டுவது அவர்தானே. முந்தாநாள் நான் வரும்போது ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தேன். அத்தை அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்து கொஞ்சம் சாய்ந்து கிடக்கும்.

"கேவுரு கஞ்சி. 2 ஸ்பூனு. கக்கல் 1 வாட்டி. நெய் உடல."